"தெய்வாதீனமாக" தப்பியது போதும்

லயம் எரிந்தால் செய்தி எப்படி வரும் என்று மலையகத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் ஒப்புவித்து விடுவார்கள். முதலில் தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர். பிறகு இத்தனை லயன் அறைகள் முற்றாகத் தீக்கிரை. இத்தனை குடும்பங்களைச் சேர்ந்த இத்தனை பேர் நிர்க்கதி. மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகம். பாதிக்கப்பட்டவர்கள் தோட்டப் பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ தங்கவைப்பு. பொலிஸார் மேலதிக விசாரணை. நடுவில் எங்காவது ஒரு வரி இருக்கும்: தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் ஏதும் ஏற்படவில்லை.

எனக்கு உறுத்துவது அந்தத் "தெய்வாதீனமாக" தான். அன்றைக்கு எல்லாரும் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போயிருந்திருப்பார்கள். இல்லாவிட்டால் யாரோ ஒருத்தர் ராத்திரி தண்ணீர் குடிக்க எழும்பியிருப்பார், நாய் விடாமல் குலைத்திருக்கும். "இந்த லயத்து ஆட்கள் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள், அதனால் தப்பினார்கள்" என்று ஒரு செய்தியிலும் நான் வாசித்ததில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பேசி வைப்பதைப் பற்றியது. தீப்பிடித்தால் லயத்திலிருந்து எப்படி வெளியே வருவது, அதை எப்படிப் பழகிப் பார்ப்பது என்பதைப் பற்றி. "வீட்டுரிமைக்குப் போராட வேண்டிய நேரத்துல இதெல்லாம் ஒரு பேச்சா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கப்படும் பாடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அமெரிக்காவின் தேசிய தீப் பாதுகாப்புச் சங்கம் சொல்வதைப் பார்த்தால் போதும். வீட்டின் படத்தை ஒரு தாளில் வரையுங்கள். ஒவ்வொரு அறையிலிருந்தும் வெளியேற இரண்டு வழிகளைக் குறியுங்கள். வெளியே எல்லாரும் வந்து சேரும் இடத்தை முடிவு செய்யுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை, பகலிலும் ராத்திரியிலும், வீட்டில் இருக்கும் எல்லாரோடும் பழகிப் பாருங்கள். நல்ல பாடம். எங்கள் வீட்டில் உட்கார்ந்து இதை வாசித்தபோது இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் லயம் இரட்டை லயம். முன்பக்கம் ஆறு வீடு, பின்பக்கம் ஆறு வீடு. முதுகோடு முதுகு ஒட்டியபடி. அதாவது எங்கள் காம்பராவின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் தூங்குகிறது. பின்கதவு என்ற பேச்சுக்கே இடமில்லை. வலது பக்கம் ஒரு வீடு, இடது பக்கம் ஒரு வீடு. மிஞ்சுவது முன்பக்கம் மட்டும். ஒரு கதவு, கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா ஒன்று, அதற்கு முன்னால் இஸ்தோப்பு. ஆட்கள் கூடக் கூட, அந்த இஸ்தோப்பைப் பலகையும் தகரமும் அடித்து அடைத்துக் குசினியாக்கி விட்டோம். நாங்கள் மட்டுமில்லை, லயத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். இதன் அர்த்தம் என்ன என்று படம் வரையும் வரைக்கும் யாரும் யோசிக்கவில்லை. தூங்கும் இடத்துக்கும் ஒரே வாசலுக்கும் நடுவில் அடுப்பு. அடுப்புக்கு மேலே பரணில் விறகு. பக்கத்தில், 2022ல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற பழக்கம் விடாமல், எப்போதும் ஒரு போத்தலாவது மண்ணெண்ணெய்.

இந்த அமைப்பு யாருடைய கவனக்குறைவாலும் வந்ததில்லை. கோப்பிக் காலத்தில், பிறகு தேயிலைக் காலத்தில், ஆட்களைக் கொண்டுவந்து ஓரிடத்தில் அடைத்து வைத்து, விடியப் பெரட்டுக்குக் கூப்பிடுவதற்காகக் கட்டப்பட்டவை லயங்கள். தோட்டங்கள் 70களில் அரசிடம் வந்தன, 1992ல் கொம்பனிகளிடம் போயின, லயம் மட்டும் லயமாகவே இருந்தது. கூரை ஒன்று, அதைத் தாங்கும் மரச்சட்டமும் ஒன்று. பழைய லயங்கள் பலவற்றில் வீட்டுக்கு வீடு இருக்கும் தடுப்புச் சுவர் கூரைவரை போவதே இல்லை. குளிருக்கும் ஒழுகலுக்கும் நாங்கள் தகரத்துக்குக் கீழே கட்டியிருக்கும் உரச்சாக்கு, பொலித்தீன், கார்ட்போர்ட் எல்லாம் தீக்குப் பாய் விரித்த மாதிரி. இந்தக் கோடியில் பிடித்தது அந்தக் கோடிக்கு மேலாலேயே ஓடும். ஒரு வீடு மட்டும் எரிந்த லயத்தைப் பற்றி நீங்கள் எத்தனை தடவை கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? செய்தி எப்போதுமே பன்மையில்தான் வருகிறது.

அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பாடத்தை எங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டியது ஒரு சொல்லில். "வீடு" என்று இருக்கும் இடத்திலெல்லாம் "லயம்" என்று போட வேண்டும். என் வீட்டில் நான் எவ்வளவு கவனமாக இருந்தாலும், நான்காவது வீட்டில் சார்ஜர் வயர் உருகினால் எனக்கும் அது தீ. என் வீட்டாரை மட்டும் வெளியே கொண்டுவரத் திட்டம் போட்டால், பின்பக்க ஆறு வீட்டுக்கும் விஷயம் தெரியவே தெரியாது. இரண்டு பக்கத்து வாசலும் எதிரெதிர்த் திசையில். ஒரு பக்கத்தில் கத்துவது மறுபக்கத்தில், மழை ராத்திரியில், தகரச் சத்தத்தில் கேட்காது.

டிசம்பர் லீவுக்குப் போயிருந்தபோது இதைச் செய்து பார்த்தோம். முதலில் எங்கள் வீட்டில் மட்டும். ஆறு பேர். ராத்திரி ஒன்பது மணி, லைட் எல்லாம் அணைத்துவிட்டு, எல்லாரும் படுத்திருக்கும்போது நான் "தீ, தீ" என்று கத்த வேண்டும், எல்லாரும் வாசலைத் தாண்டி வெளியே நிற்க வேண்டும். தம்பி போனில் நேரம் பார்த்தான். இரண்டு நிமிடம் பத்து செக்கன். நேரம் எங்கே போனது என்று பார்த்தால், நடந்து வருவதற்கு ஆனது கொஞ்சம்தான். கதவுக்கு உள்பக்கம் பூட்டு. சிறுத்தை வந்து நாயைத் தூக்கிக்கொண்டு போகும் தோட்டத்தில் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கச் சொல்ல முடியாது, சரி. ஆனால் சாவி அப்பாவின் சட்டைப் பையில், சட்டை கொடியில், கொடி இருட்டில். அம்மாயி போர்வையைத் தேடினார், பிறகு செருப்பைத் தேடினார். சித்தியின் மகள், ஐந்து வயது, சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். இதை நான் வாசித்திருந்தேன், சின்னப் பிள்ளைகள் தீ என்றால் ஓட மாட்டார்கள், ஒளிவார்கள் என்று. வாசித்தது வேறு, கட்டிலுக்கு அடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்தது வேறு.

மூன்றாவது தடவை நாற்பது செக்கனில் வெளியே நின்றோம். நடுவில் செய்த மாற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. பூட்டை எடுத்துவிட்டு உள்ளிருந்து கையால் தள்ளித் திறக்கும் பெரிய தாழ்ப்பாள் போட்டோம். முழங்கால் வலியுள்ள அம்மாயியின் படுக்கை மூலையிலிருந்து காம்பராக் கதவடிக்கு வந்தது. அவரை எழுப்பிக் கூட்டி வருவது தம்பியின் வேலை, சின்னவளைத் தூக்குவது என் வேலை, நான் இல்லாத நாளில் அம்மாவின் வேலை. நடக்க முடியாதவரைத் தோளில் தூக்க வேண்டியதில்லை, போர்வையோடு சேர்த்துத் தரையில் இழுத்து வரலாம் என்பதையும் பழகினோம். அம்மாயிக்கு அது பெரிய பகிடி. "செத்தா தூக்கிட்டுப் போறதுக்கு இப்பவே பழகுறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். விறகையும் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் அடுப்படியிலிருந்து அகற்றி வெளியே ஒரு தகரக் கூண்டுக்குள் வைத்தோம். அடுப்பை மட்டும் நகர்த்த முடியவில்லை. நகர்த்த இடமில்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்து, அவர்களும் வேண்டுமென்று நின்றதால்தான் விஷயம் லயத்துக்குப் பரவியது. அது நல்லதாகப் போயிற்று. பெரியவர்களை நான் கூப்பிட்டிருந்தால் கம்பஸ் பிள்ளை பாடம் எடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

லயமாகச் செய்யும்போது வேறு கேள்விகள் வந்தன. எங்கே கூடுவது? வாசல் முற்றம் என்றார்கள் முதலில். கூரை சரிந்தால் தகரம் விழும் இடம் அது. மேலே போகும் வயரும் அங்கேதான். கடைசியில் பீலியடி என்று முடிவானது. முன்பக்க ஆட்களும் பின்பக்க ஆட்களும் இரண்டு கோடிகளாலும் சுற்றி அங்கே வரலாம், ராத்திரியிலும் தண்ணீர்ச் சத்தத்தை வைத்து வழி தெரியும். அடுத்தது, எப்படி எல்லாரையும் எழுப்புவது? புகை வந்தால் மூக்கு எழுப்பிவிடும் என்று ஒரு மாமா சொன்னார். தூங்குகிறவனை நம்பி எழுப்புகிற அளவுக்கு வாசத்துக்குச் சக்தியில்லை. அதுவும் மூன்று வேளையும் விறகுப் புகையில் கிடக்கிற எங்களுக்குப் புகை வாசம் என்பது வீட்டு வாசம். வெளிநாட்டில் கூரையில் மாட்டுகிற புகை அலாரம் எங்கள் குசினியில் தினமும் மூன்று தரம் கத்தும், நான்காம் நாள் யாராவது பெட்ரியைக் கழற்றி ரேடியோவுக்குப் போட்டு விடுவார்கள். காம்பராவுக்குள் மாட்டலாம், வாங்க முடிந்தால். இப்போதைக்கு இரண்டு பக்கத்திலும் தொங்கல் வீட்டு வாசலில் ஒரு இரும்புத் துண்டு கட்டித் தொங்குகிறது. தீ என்றால் மட்டும் அதை அடிக்க வேண்டும். பிள்ளைகள் விளையாட்டுக்கு அடித்தால் உதை என்று சட்டம்.

ஆட்களை எண்ணுவதுதான் சிக்கலானது. எல்லாரும் வந்துவிட்டார்களா என்று தெரியாவிட்டால் யாராவது திரும்ப உள்ளே ஓடுவார்கள். ஆனால் லயத்தில் ராத்திரி யார் இருக்கிறார்கள் என்பது நாளுக்கு நாள் மாறும். பாதி இளைஞர்கள் கொழும்பில் கடைகளில். சிலர் ஃபெக்டரியில் நைட். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எல்லாரும் வந்துவிட்டால் ஆறு பேர் வீட்டில் பதினொரு பேர், தரை முழுக்கப் பாய். விளக்கும் பட்டாசும் எல்லாவற்றையும் விட அதிகமாக இருக்கும் ராத்திரியும் அதுதான். அதனால் வீட்டுக்கு ஒருத்தர் தன் வீட்டுக் கணக்கை வைத்திருக்க வேண்டும், பக்கத்துக்கு ஒருத்தர் அந்த ஆறு பேரிடம் கேட்க வேண்டும் என்று வைத்தோம். பகலுக்கு வேறு ஏற்பாடு. பகலில் லயத்தில் இருப்பது கிழவர்களும் காய்ச்சல்காரப் பிள்ளைகளும். பகல் கணக்கு பின்பக்கத்து ஆயா ஒருவருடையது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆனால் யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்ததே இல்லை.

திரும்ப உள்ளே ஓடுவதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். எந்த நாட்டுப் பாடத்திலும் வரும் வரி: வெளியே வந்தால் வெளியேதான், எதற்காகவும் திரும்பப் போகக் கூடாது. எங்கள் ஆட்கள் எதற்குப் போவார்கள்? டீவிக்குப் போக மாட்டார்கள். டிரங்குப் பெட்டிக்குப் போவார்கள். அதற்குள்தான் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, தாத்தாவின் பிரஜாவுரிமைக் கடுதாசி, ஈபிஎஃப் புத்தகம், அடகுச் சீட்டு. 1948ல் ஒரு சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964 ஒப்பந்தத்தில் தலை எண்ணிப் பங்கு பிரிக்கப்பட்டு, 2003 சட்டம் வரைக்கும் கடுதாசிக்காகக் காத்திருந்த சனத்திடம் "காகிதம் எரிஞ்சா எரியட்டும், உசிரைப் பாரு" என்று லேசாகச் சொல்லிவிட முடியாது. அவர்களுக்கு அந்தப் பெட்டியும் உயிர்தான். ஆகவே பெட்டி முதலிலேயே வெளியே இருக்கும்படி செய்ய வேண்டும். நாங்கள் செய்தது: பன்னிரண்டு வீட்டு ஆவணங்களையும் போனில் படம் எடுத்து, அந்தந்த வீட்டுப் பிள்ளையின் ஈமெயிலுக்கு அனுப்பினோம். போட்டோப் பிரதி ஒன்று வேறு தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில். அசல்கள் ஒரு கைப்பையில், வாசல் பக்க ஆணியில். வருகிற வழியில் கையில் பட்டால் எடுப்பது, இல்லாவிட்டால் விடுவது. எரிந்த பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம், அலைச்சல்தான், ஆனால் எடுக்கலாம். இந்த ஒரு வேலைக்கு மூன்று நாள் போனது. முழுப் பயிற்சியிலும் பெரியவர்கள் மனதார ஒத்துழைத்தது இதற்குத்தான்.

வெளியே வரும்போது கவனிக்க வேண்டியவை சில, சட்டென்று சொல்லிவிடுகிறேன். புகை மேலே போகும், தரைப்பக்கம்தான் மூச்சு விடக் காற்று இருக்கும், அதனால் குனிந்து, தேவைப்பட்டால் தவழ்ந்து வர வேண்டும். ஆளைக் கொல்வது பெரும்பாலும் சுவாலை இல்லை, புகைதான். ஈரத்துணி தேடி நேரம் வீணாக்க வேண்டாம், துணி காபன் மொனொக்சைட்டை நிறுத்தாது. உடுப்பில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் உருள வேண்டும். வெளியே வந்த பிறகு 110க்கு எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் தீயணைப்புப் பிரிவு இருப்பது பெரும்பாலும் நகரங்களில், நகரசபை, மாநகரசபைகளிடம். தோட்டத்து ரோட்டில் லொறியே திணறும்போது பவுசர் எப்போது வந்து சேரும் என்று உங்களுக்குத் தெரியும். காயத்துக்கு 1990. தீக்காயத்தில் பற்பசை பூசுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். ஓடுகிற குளிர்த் தண்ணீரில் இருபது நிமிடம், அது போதும். பீலி பக்கத்தில்தானே இருக்கிறது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். எங்கள் வட்டத்திலேயே ஒரு தோழர் கேட்டார்: "சனத்த எரியிற பெட்டிக்குள்ள அடச்சு வச்சது கொம்பனியும் அரசாங்கமும். நீ போயி சனத்துக்கு ஓடப் பழக்குற. இது அவங்களுக்குத்தானே வசதி?" நியாயமான கோபம். பாதுகாப்பு என்ற பெயரில் பாதிக்கப்பட்டவர் மேலேயே பொறுப்பைப் போடும் பிரசங்கங்கள் எனக்கும் பிடிக்காது. ஏழு பேர்ச் காணியும் தனி வீடும்தான் முடிவான தீர்வு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. 2017ல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் மேலும் பத்தாயிரம் வீடு என்று அறிவித்தபோது நான் பாடசாலைப் பிள்ளை. 2023ல் இருநூறு வருட வரலாற்றை நினைத்து மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். வீடு வரும், வருகிற வேகத்தில் வரும். அதுவரைக்கும் ஒவ்வொரு ராத்திரியும் ஆட்கள் அந்தக் காம்பராவுக்குள்தான் படுக்கிறார்கள். உரிமை கிடைக்கும் வரை உயிரோடு இருப்பதும் போராட்டத்துக்குத் தேவையான ஒன்றுதானே?

அதோடு, பயிற்சி செய்து பார்த்த பிறகுதான் எங்கள் லயத்து ஆட்கள் கோபப்பட்டார்கள். இதைத் தோழருக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இவ்வளவு நாளும் "என்ன செய்றது, லயம்னா அப்படித்தான்" என்று இருந்தவர்கள், பிள்ளைகள் வரைந்த படத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு அம்புக்குறி இருப்பதைப் பார்த்ததும் கேட்கத் தொடங்கினார்கள். இரண்டு தொங்கல் வீட்டுக்கும் பக்கச் சுவரில் கதவு வைக்க ஏன் முடியாது? ஜன்னல் கம்பியை உள்ளிருந்து திறக்கிற மாதிரி ஏன் போட முடியாது? தடுப்புச் சுவரைக் கூரைவரை உயர்த்தினால் தீ ஓடுவது நிற்குமே? வீட்டுக்கு வீடு ட்ரிப் சுவிட்ச்? அடுப்புக்கு லயத்துக்கு வெளியே ஒரு கொட்டகை? இதில் எதற்கும் புதுக் காணி தேவையில்லை. அளவையாளர் வர வேண்டியதில்லை, இந்திய உதவி வர வேண்டியதில்லை. "வீட்டுத் திட்டம் பரிசீலனையில் உள்ளது" என்று சொல்லித் தப்ப முடியாத கோரிக்கைகள் இவை.

சிரமம் என்னவென்றால் சுவரில் ஒரு ஓட்டை போடுவதற்கும் நிர்வாகத்திடம் அனுமதி வேண்டும். சில வருடத்துக்கு முன் முன்பக்கத் தொங்கல் வீட்டு மாமா, மூச்சு முட்டுகிறது என்று பக்கச் சுவரில் ஜன்னல் வைக்கப் போனார். தோட்டத்துக் கட்டடத்தைச் சேதப்படுத்தியதாக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. உடைத்த கல்லை அவரே திரும்ப அடுக்கினார். நூற்றைம்பது வருடத்துச் சுவர் அது, தானாக விழுந்தால் யாருக்கும் கடிதம் வராது.

இந்த முறை தனியாளாகக் கேட்கவில்லை. பன்னிரண்டு வீட்டுப் படத்தையும் ஒரே தாளில் பெரிதாக வரைந்து, அடுப்பு எங்கே, கதவு எங்கே, யார் நடக்க முடியாதவர், எத்தனை செக்கன் என்று குறித்து, பன்னிரண்டு வீட்டுக் கையெழுத்தோடு நிர்வாகத்துக்கு ஒன்று, இரண்டு தொழிற்சங்கங்களுக்கு ஒவ்வொன்று, பிரதேச சபைக்கு ஒன்று கொடுத்திருக்கிறோம். சந்தாவை மாதா மாதம் வெட்டிக்கொள்ளும் சங்கங்கள் சம்பளப் பேச்சுக்கு நடுவில் இந்தத் தாளையும் மேசையில் வைக்குமா என்று பார்க்கலாம்.

எங்கள் வீட்டுக்கும் நடு வீடுகளுக்கும் பக்கச் சுவர் கிடையாது, ஆகவே அந்தக் கோரிக்கை எதுவும் எங்களுக்கு இரண்டாவது வழியைத் தராது. இதைப் பேசிக்கொண்டிருந்தபோது பின்வீட்டு மாமா ஒரு யோசனை சொன்னார். எங்கள் காம்பராவுக்கும் அவர்கள் காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவரில் பலகைக் கதவு ஒன்று. முன்னால் தீ என்றால் நாங்கள் அவர்கள் பக்கம், பின்னால் தீ என்றால் அவர்கள் எங்கள் பக்கம். "அப்ப நமக்குள்ள சண்டை வந்தா?" என்று சித்தி கேட்டார். "ஆளுக்கொரு தாழ்ப்பாள் போட்டுக்குவோம், தீக்கு மட்டும் தொறப்போம்" என்றார் மாமா. அவர் பக்கத்து அத்தைக்குச் சம்மதமில்லை, வயசுப் பிள்ளைகள் இருக்கும் வீடு, அவர் பயமும் நியாயம். இரண்டு பக்கத்திலும் தாழ்ப்பாள் போட்டால் இருட்டில், புகையில், அந்தப் பக்கத்தார் திறக்கும் வரை தட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதுவும் ஒரு பிரச்சினை. தட்டினால் உடையும் மெல்லிய பலகை வைக்கலாமா என்று பேச்சு அதோடு நிற்கிறது. ஏப்ரல் லீவில் அடுத்த பயிற்சி. இந்த முறை ராத்திரி இரண்டு மணிக்கு, நாள் சொல்லாமல். மழை பெய்தால் வர மாட்டேன் என்று மூன்றாவது வீட்டுத் தாத்தா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.